இடைவேளையின் வரலாறு: மதுரைக் கொட்டகைகளும் நெடும்படங்களும்

நீண்ட திரைப்படங்களை நடுவில் நிறுத்திக் காட்டுவது முறையா என்ற விவாதம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அண்மைக் காலத்தில் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. மதுரையிலும், அதைச் சூழ்ந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என விரியும் சமவெளி ஊர்களிலும் அப்படியொரு விவாதத்துக்கு இடமே இருந்ததில்லை. படம் என்றால் அதற்கு இடைவேளை உண்டு என்பது இங்கே தலைமுறைகளாக ஐயமின்றி ஏற்கப்பட்ட வழக்கம். எந்திரத்தின் குறைபாட்டிலிருந்து பிறந்து, வணிகத்தால் வளர்ந்து, கதைசொல்லும் கலையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்ட இந்த வழக்கம் எல்லாக் காலத்திலும் ஒரே தன்மையோடு இருந்ததில்லை. படத்தை ஆக்கியவரே இடம் குறித்துக் கொடுத்த நிறுத்தமும், ஆபரேட்டரோ திரையரங்க நிர்வாகமோ தம் வசதியை எண்ணிச் செய்த நிறுத்தமும் பார்வையாளருக்கு முற்றிலும் வேறான இரு அனுபவங்களைத் தந்தன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு பேசுவதால்தான் இடைவேளை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் இன்றுவரை ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் வாதிடுகிறார்கள்.

சினிமா வருவதற்கு முன்பே விடிய விடிய அமர்ந்து கதை பார்க்கும் பழக்கம் மதுரை மக்களுக்கு இருந்தது. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களையே நடிகர்களாகப் பழக்கிய இத்தகைய குழுக்களைப் பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்தனர். அவருடைய வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் ஸ்பெஷல் நாடகமாக, அதாவது நிலையான குழு எதுவும் இல்லாமல் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்தி ஓர் இரவுக்கு மட்டும் ஒன்று சேர்க்கும் முறையில், மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடக்கின்றன. இரவு பத்து மணியளவில் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும்வரை நீளும் இந்த நாடகத்தில் அறிவித்து விடும் இடைவேளை கிடையாது. முதலில் நெடுநேரம் பபூனின் வேடிக்கையும் நடனமும் நிகழ, அதன் பின்னரே கதை மேடைக்கு வரும். பார்க்க வந்தவர்கள் பாயை விரித்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்வார்கள், எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார்கள், பிள்ளைகளைத் தூங்கவைப்பார்கள், வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டம் வந்ததும் ஒருவரையொருவர் தட்டி எழுப்பிக்கொள்வார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் எழுந்து போனவர் எதையும் இழப்பதில்லை. ஆகவே ஓய்வைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு பார்வையாளரின் கையிலும் தனித்தனியே இருந்தது.

சினிமா இந்த உரிமையைப் பறித்தது. கொட்டகை இருட்டாக்கப்பட்டது, கதை பெரும்பாலும் முன்பின் தெரியாததாக இருந்தது, எழுந்து போனவருக்காக நடிகர் வசனத்தைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை. தனித்தனியே ஓய்வெடுத்துப் பழகிய கூட்டத்துக்கு இனி எல்லோரும் ஒன்றாக ஓய்வெடுக்க ஒரு நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை முதலில் வழங்கியது எவருடைய கருணையும் அன்று, ஒற்றைப் புரொஜெக்டரே ஆகும்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழில், திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் வாங்கிக் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கியதோடு வேரூன்றியது. ரயில் பாதை 1875 இலேயே மதுரையை எட்டியிருந்ததால் இத்தகைய கூடாரங்களுக்கும் பின்னர் படப்பெட்டிகளுக்கும் இந்நகரம் எளிதில் சென்று சேரக்கூடிய இடமாயிற்று. படச்சுருள், அதாவது ரீல், ஓடி முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்ததை மாட்டும்வரை திரை வெறுமையாகக் கிடக்கும். மௌனப் படக் காலத்தில் அந்த வெறுமையைக் கதை சொல்லி விளக்குபவரின் குரலும், சில இடங்களில் மேடையில் நடந்த நடனமும் குஸ்தியும் நிரப்பின. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. 1918 ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம் காட்சியிடங்களுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியதற்குப் பார்வையாளரின் பாதுகாப்பும் ஒரு முதன்மைக் காரணம். எனவே ஆபரேட்டர் சுருளை மாற்றும்போது அவசரப்படாமல் இருப்பது அனைவருக்கும் நன்மை தருவதாகவே இருந்தது.

1931 இல் தமிழ் பேசும் படம் வந்த பிறகு நிறுத்தங்கள் குறையவில்லை, ஏனெனில் படங்களின் நீளம் கூடியது. பேசும் படம் நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடுவது. 2,000 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் வரும். பாட்டுகள் மிகுந்த 16,000 அடிப் படம் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும், அதற்கு எட்டுச் சுருள்கள் வேண்டும். ஒரே புரொஜெக்டர் உள்ள இடத்தில் ஒவ்வொரு சுருளுக்கும் நிறுத்தினால் படம் ஏழு முறை நின்றாக வேண்டும். சுருள்களை ஒட்டிப் பெரிய வட்டில் சுற்றிக்கொண்டால் மூன்று நான்கு நிறுத்தங்களோடு தப்பிக்கலாம். டூரிங் டாக்கீஸ் என்று பெயர் பெற்ற கூடாரக் கொட்டகைகளில் மூன்று நான்கு இடைவேளைகள் விடப்பட்டதற்கு இந்தக் கணக்கே காரணம், பார்வையாளரின் விருப்பமோ விற்பனையாளரின் பேராசையோ அன்று.

பெரியாற்று அணையின் நீர் 1895 இலிருந்து வைகைப் படுகைக்கு வரத் தொடங்கியபின் மேலூர், வாடிப்பட்டி பக்கத்து வயல்களில் நெல் விளைச்சல் பெருகியது. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களே கூடாரக் கொட்டகைக்காரர்களுக்கும் அறுவடைக்காலம். டூரிங் டாக்கீஸுக்கு அரசு தரும் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும்; அது முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து வேறிடம் போக வேண்டும் அல்லது புதிதாக உரிமம் பெற வேண்டும். பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பின்னர்தான் முதல் காட்சி. தரை டிக்கெட்டுக்கு மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் சில நாற்காலிகள், ஆண்களையும் பெண்களையும் பிரிக்க இடுப்பளவு மண்சுவர் அல்லது தட்டி என்பதே உள்ளமைப்பு. இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கு இடையே மின்வில் எரிந்து ஒளி தருவது அன்றைய புரொஜெக்டர்; குச்சி எரிய எரியத் தேய்வதால் ஆபரேட்டர் அதை இடைவிடாமல் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், தவறினால் திரை மங்கிக் கூட்டம் விசிலடிக்கும். சுருள் முடிந்து விளக்கு ஏற்றப்பட்டதும் முறுக்கு, சுண்டல், கடலை மிட்டாய்த் தட்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த சிறுவர்கள் மணலில் கால் மாற்றி வைத்து உள்ளே வருவார்கள். கோலி சோடா உடைபடும் ஓசையோடு பாட்டுப் புத்தகம் விற்பவரின் குரலும் கேட்கும். படத்தின் பாடல்களையும் கதைச் சுருக்கத்தையும் தாங்கிய அந்தச் சிறு புத்தகம், முடிவைச் சொல்லாமல் மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லி நின்றுவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படிக்க, சுற்றியிருப்போர் கேட்டு, அதுவரை கண்ட கதைக்கும் இனி வரப்போகும் கதைக்கும் பாலம் கட்டிக்கொள்வார்கள். நாடகக் களத்தில் தனித்தனியே எழுந்து போன கூட்டம், கொட்டகையில் ஒன்றாகப் பேசும் கூட்டமாக மாறியது இந்த இடத்தில்தான்.

இரண்டாம் உலகப் போர் இந்த வரலாற்றில் ஒரு சோதனையைப் போல் குறுக்கிட்டது. கச்சா பிலிம் கிடைப்பது அரிதானதால் 1942 இல் இந்திய அரசு கதைப்படங்களின் நீளத்தை 11,000 அடிக்கு மிகாமல் கட்டுப்படுத்தியது; அதாவது இரண்டு மணி நேரம். மூன்று தீபாவளிகளைக் கண்டு சென்னையில் ஓடிய ஹரிதாஸ் (1944) அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வந்த, ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமே. நீண்ட படத்துக்கு மட்டும்தான் இடைவேளை வேண்டும் என்பது உண்மையானால் இந்தச் சில ஆண்டுகளில் அது மறைந்திருக்க வேண்டும். ஆனால் 11,000 அடிப் படமும் ஆறு சுருளாகத்தான் வந்தது. ஒற்றைப் புரொஜெக்டர் கொட்டகைக்கு அதை நிறுத்தாமல் ஓட்ட வழியில்லை. போர் முடிந்து கட்டுப்பாடு நீங்கியதும் படங்கள் மீண்டும் நீண்டன, ஜெமினியின் சந்திரலேகா (1948) மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. நீளம் கூடினாலும் குறைந்தாலும் இடைவேளை தன் இடத்தில் இருந்தது.

நகரத்து நிரந்தரத் திரையரங்குகளின் கதை வேறு. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937 இல் வெளிவந்த சிந்தாமணி ஓராண்டுக்கு மேல் ஓடி ஈட்டிய வருவாயைக் கொண்டு அதன் விநியோகஸ்தர்களான ராயல் டாக்கீஸார் மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கைக் கட்டினர். ஒரு படத்தின் இலாபம் செங்கல்லும் சுண்ணாம்புமாக நகரத்தின் நடுவே எழுந்து நின்றது தமிழ்ச் சினிமா வணிகத்தில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. சென்ட்ரல், நியூ சினிமா, இம்பீரியல் எனக் கோயிலைச் சுற்றிய வீதிகளை ஒட்டி வேறு அரங்குகளும் இருந்தன. இத்தகைய அரங்குகளில் இரண்டு புரொஜெக்டர்கள் வைக்கப்பட்டன. ஒரு சுருள் முடியப்போகும் தறுவாயில் படத்தின் வலது மேல் மூலையில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு புள்ளி தோன்றும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் அடுத்த எந்திரத்தை முடுக்குவார், சில விநாடிகளில் இரண்டாவது புள்ளி தோன்றியதும் ஒளியை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுவார். சேஞ்ச் ஓவர் எனப்படும் இந்தச் செயலைத் தேர்ந்த கை செய்தால் அரங்கில் இருப்பவருக்குச் சுருள் மாறியதே தெரியாது. எந்திரத்தைக் காரணம் காட்டி நிறுத்த வேண்டிய தேவை இத்துடன் முடிந்தது. இருந்தும் இடைவேளை நின்றுவிடவில்லை. பல நிறுத்தங்கள் ஒன்றாகச் சுருங்கி, அந்த ஒன்று உறுதிப்பட்டது. இடைவேளை என்ற எழுத்துகள் படச்சுருளின் இறுதியிலேயே அச்சாகி வரலாயின. அதாவது நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டர் அறையிலிருந்து படத்தொகுப்பாளரின் மேசைக்கு இடம்பெயர்ந்தது. இந்த இடப்பெயர்ச்சியே இடைவேளை வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒற்றை இடைவேளை எத்தகைய பெரு நிகழ்வாக இருந்தது என்பதற்குத் தங்கம் திரையரங்கைவிடச் சிறந்த சான்று இல்லை. 1952 தீபாவளிக்கு வெளியான பராசக்தியோடு திறக்கப்பட்ட இந்த அரங்கில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரிய திரையரங்கு என்று மதுரை மக்கள் பெருமையோடு சொல்லிவந்தனர். ரங்கூனிலிருந்து திரும்பும் சகோதரர்களையும் மதுரையில் துன்பத்தில் உழலும் அவர்கள் தங்கை கல்யாணியையும் பற்றிய மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படத்தை, அதே மதுரையில், அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தனர். பத்து நிமிட இடைவேளையில் அரங்கில் பாதிப்பேர் வெளியே வந்து திரும்புவதாக வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 125 பேர் வாசல்களைக் கடக்க வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பதால் நெரிசல் அதன் இருமடங்கு. மணி அடித்த பின்னும் இருட்டில் தடவிக்கொண்டு இடம் தேடியவர்களால் இரண்டாம் பகுதியின் முதல் சில நிமிடங்கள் எப்போதும் சலசலப்பில் கழிந்தன. இதை அறிந்தே தமிழ்ப் படங்களில் இடைவேளைக்குப் பிந்தைய முதல் காட்சியாகக் கதைக்கு இன்றியமையாத எதையும் வைக்காமல், நகைச்சுவையோ பாட்டோ வைப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

இந்தப் பத்து நிமிடத்தில் நடந்த வாணிபம் திரையரங்கின் கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு. கேண்டீனையும் சைக்கிள் ஸ்டாண்டையும் ஆண்டுக் குத்தகைக்கு விடுவது பரவலான முறை. டிக்கெட் வருவாயில் கேளிக்கை வரியும் விநியோகஸ்தர் பங்கும் போக எஞ்சுவதே உரிமையாளருக்கு. கேண்டீன் குத்தகைப் பணமோ எவருக்கும் பங்கு கொடுக்க வேண்டாத வருவாய். மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் 1916 இல் தோன்றிய காளிமார்க் நிறுவனத்தின் குளிர்பானங்களும் உள்ளூர் சோடாக் கம்பெனிகளின் கலர்களும் இந்தக் கேண்டீன்களில் விற்றன. மாப்பிள்ளை விநாயகர் என்ற பெயர் மதுரையில் சோடாவுக்கும் திரையரங்குக்கும் உரியதாக விளங்குவதிலிருந்து இவ்விரு தொழில்களின் நெருக்கத்தை உணரலாம். திரையிலும் வாணிபம் நின்றதில்லை: கண்ணாடிச் சில்லில் எழுதிய விளம்பரத்தை விளக்கொளியால் திரையில் வீழ்த்தும் ஸ்லைடு முறையில் உள்ளூர் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் தோன்றின, அவற்றின் நடுவே அடுத்து வரப்போகும் படத்தின் அறிவிப்பும் வரும்.

இதே மக்கள் நாடோடி மன்னனையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போதுதான் நீளம் பற்றிய இன்றைய கவலைகள் எவ்வளவு புதியவை என்பது விளங்கும். எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்து 1958 ஆகஸ்டில் வெளியிட்ட இந்தப் படம் ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடுவது. பிற்பகுதி வண்ணத்தில் அமைந்தது. இடைவேளையையும் செய்திப்படத்தையும் சேர்த்தால் ஒரு காட்சிக்கு நான்கு மணி நேரம். அரங்கைக் காலி செய்து கூட்டிப் பெருக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளில் நான்கு காட்சிகள் ஓட்டுவது கடினம், மூன்றே இயல்பாக அமையும். நீண்ட படத்தால் திரையரங்குக்கு உண்மையில் நேரும் இழப்பு இதுதான்: டிக்கெட்டின் விலை அதுவே, காட்சிகளின் எண்ணிக்கை குறைவு. ஆயினும் படம் பெருவெற்றி பெற்று, அதே ஆண்டு அக்டோபரில் மதுரையில் நடந்த வெற்றி விழாவில் எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் பரிசளிக்கப்பட்டது. இந்தியில் ராஜ்கபூர் இதற்கும் மேலே சென்று, சங்கம் (1964), மேரா நாம் ஜோக்கர் (1970) ஆகிய இரு படங்களையும் நான்கு மணி நேர அளவில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடைவேளைகள் வகுத்தார். முதலாவது பெருவெற்றியும் இரண்டாவது பெருந்தோல்வியும் அடைந்ததால் இரட்டை இடைவேளையின் நன்மை தீமை பற்றி அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

மதுரையில் ஆங்கிலப் படம் என்றால் ரீகல். ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தின் கட்டடத்தில் இயங்கிய இந்த அரங்கு, பகலில் நூலகமும் படிப்பறையும் உடைய மன்றமாகவும் மாலையில் திரையரங்காகவும் இருந்தது. அங்கே வந்த ஆங்கிலப் படங்களில் பெரும்பாலானவை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தவை. நிறுத்தாமல் பார்க்கவே எடுக்கப்பட்டவை. அவற்றின் சுருளில் இடைவேளை அச்சாகி வருவதில்லை. ஆகவே எந்தச் சுருளின் முடிவில் நிறுத்துவது என்பதை ஆபரேட்டரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. துரத்தும் காட்சியின் நடுவிலோ, பேச்சின் பாதியிலோ விளக்கு எரிந்துவிடும். கதையின் போக்கை அறிந்த ஆபரேட்டர் பொருத்தமான இடத்தில் நிறுத்தினார், அறியாதவர் பாதிச் சுருள்கள் முடிந்ததும் நிறுத்தினார். தமிழ்ப் படத்தில் கலையாக மாறிக்கொண்டிருந்த அதே வழக்கம், ஆங்கிலப் படத்தில் சேதமாக இருந்தது. ஆனால் ஒரே பார்வையாளர் இரண்டையும் பார்த்து வந்ததால் இரண்டையும் ஒரே மரபாக எண்ணிக்கொண்டார்.

கலையாக மாறியது என்பது மிகைக்கூற்று அன்று. தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்கள் இடைவேளைக்கு முந்தைய காட்சியை, இன்டர்வெல் பிளாக் என்று தொழிலில் சொல்லப்படும் அந்தக் கட்டத்தை, முதலிலேயே முடிவு செய்துகொண்டு மீதிக் கதையை அதன் இருபுறமும் அமைக்கக் கற்றனர். பாட்ஷா (1995) படத்தில் அமைதியான ஆட்டோக்காரர் மாணிக்கத்தின் கடந்த காலம் என்ன என்ற கேள்வி உச்சத்தில் நிற்கும் இடத்தை ஒட்டி இடைவேளை விழுவது இந்த உத்தியின் முழு வளர்ச்சியைக் காட்டும்: கேள்வியோடு வெளியே வரும் கூட்டம் பத்து நிமிடம் தனக்குள் விடை பேசிக்கொள்கிறது, அந்தப் பேச்சே இரண்டாம் பகுதிக்கான பசியை மூட்டுகிறது. 1980 ஆம் ஆண்டு மதுரையைக் கதைக்களமாகக் கொண்ட சுப்பிரமணியபுரம் (2008) முரட்டுக்காளை பார்க்கத் திரண்ட இளைஞர் கூட்டத்தைத் திரையரங்குக்குள்ளேயே காட்டும். படம் பார்ப்பது இந்த நகரத்தில் எவ்வளவு உரத்த கூட்டு வாழ்வாக இருந்தது என்பதை அறிய விரும்புவோர் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேலூர்ப் பக்கத்தில் பிறந்த இயக்குநர் சேரனின் தந்தை டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராகப் பணியாற்றியவர். தந்தையின் உழைப்பைப் பற்றிச் சேரன் எடுத்த தவமாய் தவமிருந்து (2005) மூன்று மணி நேரத்தைத் தாண்டி நீண்ட படம் என்பதும், நீளத்துக்கு அஞ்சாத ஒரு மரபு இந்தச் சமவெளியில் தொடர்ந்து வந்ததற்குச் சான்றாகும். இதற்கு மறுதலையாக, ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்ட இரவின் நிழல் (2022) படத்தில் பார்த்திபன், அது உருவான விதத்தை முதலில் காட்டி, அதன் பின் இடைவேளை விட்டு, கதைப்படத்தை இடையறாமல் ஓட்டினார். இடைவேளை விடும் வழக்கத்தையும் விடாமல், தம் படைப்பின் இடையறாத் தன்மையையும் விட்டுக்கொடுக்காமல் அவர் கண்ட வழி பாராட்டத்தக்கது.

படச்சுருள் மறைந்து கணினிக் கோப்பு வந்த பின்னர் ஆபரேட்டரின் பெரும்பாலான வேலைகள் போய்விட்டன. தங்கம் திரையரங்கு இன்று இல்லை. பேரங்காடிகளுக்குள் சிறு அரங்குகளாகப் பிரிந்த மல்டிபிளக்ஸ்கள் மதுரைக்கும் வந்துவிட்டன. ஆனால் இடைவேளைக்குப் புதிய துணைகள் கிடைத்தன. புகையிலைக் காட்சிகள் இடம்பெறும் படங்களில் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி எச்சரிக்கைப் படம் காட்ட வேண்டும் என்று 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதி சொல்கிறது. படத்துக்கு ஒரு நடு உண்டு என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்கு உரிமையாளருக்கு உண்டு, ஆனால் சுகாதாரமான குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணலில் அமர்ந்தவனுக்குச் சிறு காசுக்குக் கிடைத்த சுண்டலின் இடத்தில், இன்று ஒரு குடும்பத்தின் டிக்கெட் செலவை எட்டிப் பிடிக்கும் சோளப்பொரி நிற்கிறது. இடைவேளையை வெறுப்போர் உண்மையில் வெறுப்பது பெரும்பாலும் இந்த விலையைத்தான்.

மேலைநாட்டிலும் இடைவேளை அயலானது அன்று. கான் வித் தி விண்ட் (1939), பென்ஹர் (1959) போன்ற மூன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட படங்கள் ஆக்கியோரே குறித்த இடைவேளையோடு வந்தன; காந்தி (1982) அந்த வரிசையின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பிறகு வழக்கம் தேய்ந்தது. மார்ட்டின் ஸ்கோர்செசியின் கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன் (2023) 206 நிமிடம் ஓடியதால் சில அரங்குகள் தாமாகவே இடைவேளை விட்டன. அது ஒப்பந்தத்துக்கு மாறானது என்று கூறி, படத்தை வெளியிட்டவர்கள் அந்த இடைவேளையை நிறுத்தச் சொன்னார்கள், படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கரும் கண்டித்தார். அடுத்த ஆண்டே வந்த தி புரூட்டலிஸ்ட் பதினைந்து நிமிட இடைவேளையைத் தன் அமைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு பாராட்டுப் பெற்றது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் மதுரையின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால், ஷூன்மேக்கரின் கண்டனமும் நியாயம், அந்த அரங்குகளில் மூன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார இயலாதவர்களின் தேவையும் நியாயம் என்பது தெரியும். சர்க்கரை நோயாளிகள், முதியோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார் ஆகியோருக்கு இடைவேளை ஒரு வசதி அன்று, திரையரங்குக்கு வர முடியுமா முடியாதா என்பதையே தீர்மானிக்கும் நிபந்தனை. கழிப்பறைகள் போதாத அரங்குகளில் பெண்களின் வரிசை நகர்வதற்குள் படம் தொடங்கிவிடுவதைப் பல்லாண்டுகளாகத் தமிழ்நாடு கண்டுவருகிறது. பத்து நிமிடம் அவர்களுக்கு ஒருபோதும் போதியதில்லை.

ஆகவே இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட எந்தப் படத்துக்கும் இடைவேளை இருப்பதே நேர்மை, அதன் நீளமும் பதினைந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அதே உறுதியோடு, 106 நிமிடமே ஓடும் டன்கர்க் (2017) போன்ற படத்தை இந்திய அரங்குகள் நடுவில் வெட்டி நிறுத்தியதற்குக் கேண்டீன் வருவாயைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடையில் உள்ள படங்களுக்குத் தீர்வு பழைய தொழில்முறையிலேயே இருக்கிறது. இடைவேளை எந்தச் சுருளின் முடிவில் வருகிறது என்பதைப் படப்பெட்டியைத் திறந்த ஆபரேட்டர் சுருளைப் பார்த்தே அறிந்தார். இன்றைய கோப்போடு, நிறுத்தம் வேண்டுமெனில் எந்த நிமிடத்தில், எந்தக் காட்சியின் முடிவில் என்று இயக்குநரோ படத்தொகுப்பாளரோ எழுதித் தரும் ஒரு குறிப்பை விநியோகஸ்தர் இணைத்து அனுப்பலாம். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுப் படங்களுக்கும் அதைக் கேட்டுப் பெறலாம். கோப்பில் நிறுத்தும் இடத்தைக் குறித்து வைக்க எந்த அரங்கின் ஆபரேட்டருக்கும் சில நிமிட வேலைதான் ஆகும்.